நல்ல வாசனை

நாக்கை அடியோடு வெளியே நீட்டி, பஞ்சு சுற்றிய குச்சியை அதன் கோடி வரைக்கும் விட்டு, கண்ணில் தண்ணீர் முட்ட "ஆ" என்று சூசையப்பன் நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து லேப் கதவு திறந்தது.

"சூசேட்டா, எந்தா இது?"

குச்சியோடு சேர்த்து வாயை மூடிக்கொண்டான்.

"பல்லுல கருவாட்டு முள்ளு மாட்டிக்கிச்சு மேடம்."

"முள்ளு பல்லுல, குச்சி தொண்டையிலயா?"

இதற்குப் பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அதுதான் அவனால் முடியாத காரியம். உதட்டை இறுக்கித் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி போகிற சாலையோரம் இருக்கிற ஒரு தனியார் பால் பிளான்ட் அது. சுற்றியுள்ள எஸ்டேட் தொழிலாளர் லயங்களிலிருந்து வருகிற பாலைக் குளிர வைத்துக் கீழே அனுப்புவார்கள். கதவைத் திறந்த ஜோமோள் அங்கே கெமிஸ்ட். அடிமாலிக்காரி, சின்ன வயசு, கெட்டிக்காரி. வேலை செய்யும்போது ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள். அவள் பாட ஆரம்பித்தால், "பாலைச் சீக்கிரம் லாரியில ஏத்துங்கப்பா, திரிஞ்சிரும்" என்று கேன் கழுவுகிறவர்கள் அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவாள். சூசையப்பன் அவளுக்கு உதவியாள். கண்ணாடித் தட்டு கழுவுவது, அதில் கிருமி வளர அகார் காய்ச்சி ஊற்றுவது, இளஞ்சூட்டு இன்குபேட்டரில் அடுக்குவது எல்லாம் அவன் பொறுப்பு.

இத்தனை வருஷம் மாட்டுப் பாலில் என்ன முளைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவன், தன் வாயில் என்ன முளைக்கிறது என்று பார்க்கத் துணிந்ததற்குக் காரணம் டிஜோ அச்சன்.

எஸ்டேட் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை அவர். கோட்டயத்துக்காரருக்கு மூணாறு குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. வந்த நாள் முதல் மூக்கும் கைக்குட்டையுமாகத்தான் இருக்கிறார். தமிழ்ப் பூசையை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். மற்றபடி பேச்செல்லாம் மலையாளம். போன ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகத் திருப்பாடல் பாடுகிறவருக்குக் காய்ச்சல் என்று சூசையப்பனைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். அவனும் ஏதோ பாடி ஒப்பேற்றிவிட்டு வெளியே வந்தான். அச்சன் கைதட்டிக் கூப்பிட்டார்.

"சூசையப்பா, வாய் தொறந்நப்பொழே எனிக்கு மனசிலாயி. நல்ல வாசனயா!"

சூசையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாய் திறந்தபோதே தெரிந்துவிட்டதாம். சொல்லும்போது அச்சன் கைக்குட்டையை வேறு மூக்கில் அழுத்திக்கொண்டார்.

"அப்பனும் இதுண்டாயிருந்நோ?" அப்பாவுக்கும் இது இருந்ததா என்று அடுத்த கேள்வி.

"அப்பா பீடி குடிப்பாரு அச்சா" என்றான் அவன், தரையைப் பார்த்து.

"பீடியோ!" என்று அச்சன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவன் தோளில் கை வைத்து, "இது மறச்சு வெச்சிட்டு கார்யமில்ல, கேட்டோ. பெருநாளினு ஞான் தன்னெ எல்லாவரோடும் பறயாம். கோட்டயத்தொராளுண்டு, அயாளெயும் காணிக்காம்" என்றார்.

மறைத்து வைத்துப் பிரயோஜனமில்லை. செபஸ்தியார் பெருநாளன்று தானே எல்லோரிடமும் சொல்லிவிடுவாராம். கோட்டயத்திலிருந்து ஒரு ஆளை வரவழைத்துக் காட்டவும் செய்வாராம். ஒரு சொல் விடாமல் அவனுக்கு விளங்கியது. பள்ளிக்கூடம்தான் தமிழ்ப் பள்ளிக்கூடமே தவிர, மலையாளம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. பால், பஸ், ரேஷன், ஆஸ்பத்திரி என்று எதைப் பற்றியும் யாரோடும் பேசுவான்.

அன்று காலையில் குடித்தது பழைய கஞ்சி. தொட்டுக்கொண்டது பச்சை வெங்காயம், சுட்ட கருவாடு. நாத்தம் என்று வாய்விட்டுச் சொல்லாமல் வாசனை என்று மரியாதையாகச் சொல்கிறாரே, படித்த மனுஷன் படித்த மனுஷன்தான் என்று நினைக்க நினைக்க அவனுக்கு அவமானம் இன்னும் பெரிதாக வந்தது. நாற்பத்தைந்து வயது வரைக்கும் இந்த வாயை வைத்துக்கொண்டு எத்தனை பேர் முகத்துக்கு நேராகச் சிரித்திருக்கிறோம் என்று எண்ணிக் கூசிப்போனான்.

பெண்டாட்டியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாமே என்று தோன்றும். அன்னாளிடம் கேட்டுப் பயனில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து அவளுக்கு மூக்கு சுத்தமாக வேலை செய்வதில்லை. அடுப்பில் கருவாடு கருகிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தாலும், "என்ன, எல்லாரும் ஒண்ணா வந்துருக்கீக?" என்று கேட்பவள் அவள்.

வேறு யாரிடம் போய், "என் வாயைக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்று கேட்பது? அதற்குப் பெருநாளன்று மைக்கில் மானம் போவதே மேல்.

ஆகவே விஞ்ஞானத்தை நம்பினான். நாக்கை வழித்துத் தட்டில் தடவி, இன்குபேட்டரில் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்ப்பது. எந்த வாய் கழுவும் மருந்து அதைக் கொல்கிறது என்று கண்டுபிடிப்பது. பெருநாளுக்குள் வாயைச் சுத்தமாக்கிக்கொண்டு அச்சன் முன்னால் போய் நின்று ஒரு தடவை ஊதிக் காட்டிவிடுவது. இதுதான் திட்டம்.

முதல் தொல்லை தட்டில் பேர் எழுதுவதில் வந்தது. பேரில்லாத தட்டு கண்ணில் பட்டால் ஜோமோள் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவாள். அந்த மாதம் வேறு, ஒவ்வொரு வீட்டுப் பாலையும் தனித்தனியாகத் தட்டில் ஊற்றிக் கிருமி எண்ணுகிற மாதம். தன் பேரை எழுத முடியுமா? யோசித்து யோசித்து, பக்கத்து லயத்துக் கத்தரீனாள் பேரை எழுதினான். கத்தரீனாளின் மாடு நிறைசினையாக இருந்து பால் வற்றி, அவள் பிளான்ட்டுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. அந்தப் பேரில் வேறு தட்டு வர வழியே இல்லை. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு, மூடியில் கொட்டை எழுத்தில் 'கத்தரீனாள்' என்று எழுதி ஒட்டினான்.

வாயை நாறடிக்கிற கிருமிக்குக் காற்று ஆகாது என்று ஜோமோள் எப்போதோ சொன்னதும் ஞாபகம் வந்தது. பெரிய கண்ணாடி ஜாடிக்குள் தட்டை வைத்து, கூடவே ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி மூடிவிட்டால் உள்ளே இருக்கிற காற்றைத் திரி தின்று தீர்த்துவிடும் என்றும் சொல்லியிருந்தாள். கோயிலிலிருந்து கொண்டுவந்த துண்டு மெழுகுதிரியை அவன் கொளுத்தி உள்ளே இறக்குகிற சமயம், ஜோமோள் எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

சூசையப்பன் சட்டென்று ஜாடிக்கு முன்னால் கை கூப்பி நின்று சிலுவை போட்டுக்கொண்டான்.

ஜோமோள் அவனைப் பார்த்தாள், திரியைப் பார்த்தாள். அவளும் ஒரு சிலுவை போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போனாள்.

இரண்டு நாள் கழித்து ஜாடியைத் திறந்தான். தட்டில் இடமே இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாக, சின்னதும் பெரியதுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு முளைத்திருந்தது. மூடியை லேசாகத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு உடனே மூடினான். இதைத்தான் அச்சன் கோயிலில் அத்தனை பேருக்கு மத்தியில் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் மூணாறு பஜாருக்கு ஓடினான்.

"வாய் கழுவுற மருந்து குடுங்கண்ணாச்சி."

"உங்களுக்கா?"

"எனக்கு எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரருக்கு."

"அவருக்கு எப்படி, லேசா இருக்கா, பலமா இருக்கா?"

"பலம்தான்" என்றான் சூசையப்பன், கையால் வாயை மறைத்துக்கொண்டு.

நீலம், பச்சை, சிவப்பு, நிறமே இல்லாதது ஒன்று என்று கடைக்காரர் நான்கு பாட்டில் எடுத்து வைத்தார். நான்கையும் வாங்கிக்கொண்டான். லேப்பில் வடிகட்டும் காகிதத்தைப் பொட்டுப் பொட்டாக வெட்டி, ஒவ்வொரு மருந்திலும் ஒன்றை நனைத்து, நாக்கு தடவிய புதுத் தட்டில் நான்கு பக்கமும் வைத்தான். வீட்டுச் சரக்கையும் விட்டுவைக்கக் கூடாது என்று கிராம்புத் தண்ணீரில் ஒன்று, உப்புத் தண்ணீரில் ஒன்று. நிறமில்லாத மருந்து ஜெயித்தது. அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் அகலமாக, ஒன்றுமே முளைக்காத வட்டம் விழுந்திருந்தது. சிவப்பைச் சுற்றிக் கிருமிகள் சௌகரியமாகக் குடியிருந்தன.

ஜெயித்த மருந்தால் வாயைக் கொப்பளித்து உடனே ஒரு தட்டு தடவினான். முளைத்தது கொஞ்சம்தான். சந்தோஷத்தில் மத்தியானம் கொப்பளிக்காமலே மறுபடி தடவினான். அத்தனையும் திரும்பக் குடிவந்திருந்தது. பிறகென்ன, மணிக்கொரு தரம் கொப்பளிக்க ஆரம்பித்தான். நாக்கு மரத்துப்போய்ச் சோற்றுக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போதாததற்குச் சட்டைப்பை நிறைய ஏலக்காய் வைத்து மென்றான். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தான். பேசும்போது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அன்னாள் கவனித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நாள் கொழுந்து எடுத்துவிட்டு வந்த கூடையை இறக்கிய கையோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, எப்பருந்து இந்தப் பழக்கம்?"

"எந்தப் பழக்கம்?"

"ஏலக்காய் எதுக்கு மெல்லுவாக, வாய எதுக்குப் பொத்துவாக, எல்லாம் எனக்குத் தெரியும். எங்க சித்தப்பா குடிச்சிட்டு வந்தா இப்படித்தான் செவரப் பாத்துப் படுப்பாக. ஊதுங்க பாப்போம்."

"அன்னா, சத்தியமா நான் குடிக்கல."

"அப்ப ஊதுங்க."

அவன் ஊதினான். அவள் மூக்கை அருகில் கொண்டுவந்தாள். பிறகுதான் தன் மூக்கின் நிலைமை அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எக்கா! கத்தரீனாக்கா! கொஞ்சம் வந்து இவுகள மோந்து பாருங்க!"

சூசையப்பன் பின்வாசல் வழியாகத் தேயிலைக்குள் பாய்ந்து ஓடினான். குடித்தவன் மட்டும்தான் அப்படி ஓடுவான் என்று அன்னாள் முடிவு கட்டிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

மறுநாள் பிளான்ட்டுக்கு வந்தால் வாசலிலேயே கத்தரீனாள் குரல் கேட்டது. நேற்று விட்டதை இன்று மோந்து பார்க்க வந்திருக்கிறாளோ என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். விஷயம் அதுவல்ல. அவள் கையில் பால் கேன் இருந்தது.

போடிமெட்டு இறக்கத்துச் சந்தையில் வாங்கிய அவள் மாடு கன்று போட்டுச் சீம்பால் நாளும் கழிந்திருந்தது. அன்னாள் இதை அவனிடம் சொல்லித்தான் இருப்பாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனுக்கு எது காதில் விழும்? கத்தரீனாள் முந்தின நாளே பால் ஊற்ற வந்து, அவன் இல்லாத நேரத்தில் ஜோமோளே அந்தப் பாலுக்கும் ஒரு தட்டு வைத்திருக்கிறாள்.

"ரெண்டு தட்டு இருக்கு சேச்சி. ஒண்ணு நல்லா இருக்கு. மத்தது பாத்தா பேடியாகும், பயந்துருவீங்க" என்று ஜோமோள் தட்டைக் காட்டினாள். "ரெண்டுல மோசமானதத்தான் கணக்குல எடுக்கணும்."

அவள் கையில் இருந்தது சூசையப்பனின் நாக்கு.

"என் மாட்டுப் பாலா இது? மடிய வெந்நீர்ல கழுவித்தான கறக்கேன்!" கத்தரீனாள் கேனைக் கீழே வைத்தாள். "பெருநாள் பாயாசத்துக்குப் பூரா என் பாலுதான்னு செபஸ்தியாருக்கு நேந்திருக்கேன் மேடம். கன்னு நல்லபடியா பொறந்தா முதப் பாலு அவருக்குன்னு. இப்பப் பாலு நல்லால்லன்னு சொன்னா நான் கோயில்ல எப்படி ஏறுவேன்?"

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவன் வாயைத் திறந்தான். திறந்ததுமே அச்சன் குரல் காதில் கேட்டது. மூடிக்கொண்டான். அவமானம் என்பது அப்படித்தான், ஆளை நல்லவனாக இருக்க விடாது.

"நான் புதுசா சாம்பிள் எடுத்துட்டு வர்றேன் மேடம்" என்றான், துண்டுக்குள்ளிருந்து.

இந்தத் தடவை ஒரு கிருமிகூடத் தப்பிவிடக் கூடாது என்று தீர்மானித்தான். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவினான். வெந்நீரில் அலசினான். அதிலும் நம்பிக்கை வராமல், பையில் இருந்த நிறமில்லாத மருந்தைத் தாராளமாக ஊற்றிக் குலுக்கினான். கொட்டிவிட்டுப் பாலைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் கொஞ்சம் உள்ளேயே இருக்கட்டும், கத்தரீனாளுக்கு நல்லதுதானே என்று ஒரு மூடி அளவு அடியில் விட்டுவைத்தான். அதன் மேல் பாலைப் பிடித்தான்.

தட்டு பளிங்காக வந்தது. ஒன்றுமே முளைக்கவில்லை. சூசையப்பன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் ஜோமோள் முன்னால் வைத்தான்.

ஜோமோள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பாட்டு நின்றுவிட்டது.

"சூசேட்டா, பச்சப் பாலுல கிருமியே இல்லன்னா அர்த்தம் என்னன்னு தெரியுமா?"

"நல்ல பாலு."

"இல்ல. யாரோ மருந்து கலந்திருக்காங்க." பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். "தெய்வமே, பாலுல புதினா மணம்!"

முன்பு கத்தரீனாளின் பால் அசுத்தமான பாலாக இருந்தது. சூசையப்பன் உதவி செய்த பிறகு அது கலப்படப் பாலாக உயர்ந்தது. பிளான்ட்டில் அவள் கேனைத் திருப்பி அனுப்பினார்கள். கோயில் கமிட்டியிலிருந்தும் ஆள் வந்து, பாயாசத்துக்கு வேறு பால் பார்த்துக்கொள்கிறோம் என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு தொழுவத்தில் உட்கார்ந்து அழுததை, பக்கத்து லயத்து ஜன்னல் வழியாக ஒரு மனுஷன் துண்டால் வாயைப் பொத்தியபடி பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் நாத்தத்துக்காக அதைப் பொத்தவில்லை.

பெருநாள் வந்தது. கொடி, செண்டை மேளம், செபஸ்தியாரின் அம்பு ஏந்திய சப்பரம் எல்லாம் வந்தன. கோயில் நிறைந்து வெளியிலும் கூட்டம். சூசையப்பன் கடைசித் தூண் ஓரமாக ஒண்டிக்கொண்டான். முன்வரிசையில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். மடியில் நீளமான கறுப்புப் பெட்டி.

"யாரது?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டான்.

"கோட்டயத்துலருந்து அச்சன் வரவழைச்ச ஆளாம்."

பல் டாக்டர்! பிடுங்குகிற சாமானுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று சூசையப்பன் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். பெண்கள் பக்கத்தில் அன்னாள், புருஷன் குடிகாரனாகிவிட்ட துக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் பின்னால், யாரோடும் ஒட்டாமல், கத்தரீனாள். அடிமாலியிலிருந்து பெருநாளுக்கென்றே வந்திருந்த ஜோமோள்கூட அவள் பக்கத்தில் உட்காராமல் நாலு ஆள் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

பூசை முடிந்தது. டிஜோ அச்சன் மைக்கருகே வந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ப்ரியப்பட்டவரே, ஒரு சந்தோஷ வார்த்த பறயானுண்டு. நம்முடெ சூசையப்பன்..."

என் மானம் போவதில் இவருக்குச் சந்தோஷம் வேறா! அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்தது. எப்படியும் இன்னும் அரை நிமிஷத்தில் போகப்போகிற மானம். அது போகிற வழியில் கத்தரீனாளுக்காவது ஒரு நல்லது செய்துவிட்டுப் போகட்டும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பீடம் வரைக்கும் ஓடினான்.

"அச்சா, நீங்க சொல்ல வேணாம். நானே சொல்லிர்றேன்."

அச்சன் சிரித்த முகத்தோடு மைக்கைக் கொடுத்தார். சூசையப்பன் அதை வாயருகே கொண்டுபோகக் கூசி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டான்.

"என் வாயி நாறுது."

"கேக்கலப்பா!" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

"என் வாயி நாறுது."

"மைக்கக் கிட்டக்க வச்சுப் பேசுப்பா!"

"என் வாய் நாறுதுங்க!" கோயில், மைதானம், தேயிலைச் சரிவு என்று ஒலிபெருக்கி கட்டியிருந்த அத்தனை திக்கிலும் அது போய்ச் சேர்ந்தது. "அச்சன் சொல்லத்தான் எனக்கே தெரியும். எந்த மருந்துக்குப் போகும்னு லேப்புல தட்டுல போட்டுப் பாத்தேன். எம் பேரப் போட வெக்கப்பட்டுக் கத்தரீனாக்கா பேரப் போட்டேன். அந்தத் தட்டுல மொளச்சது அக்கா மாட்டுப் பாலு இல்ல, என் நாக்கு. பாலுல இருந்த மருந்தும் நான் ஊத்துனதுதான், வாய் கழுவுறது. அக்கா பாலு நல்ல பாலு. இத முன்னாடியே சொல்லாம அவுகள அழவிட்டேன். அதுதான் என் வாயவிட நாத்தம்."

பெண்கள் பக்கத்தில் அன்னாள் எழுந்து நின்றாள்.

"அப்ப நீங்க குடிக்கலயா?"

"இல்ல அன்னா."

"மாதாவே!" என்று அவள் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

கத்தரீனாள் நடந்து வந்தாள். அவள் வருகிற வேகத்தைப் பார்த்து அறை விழப்போகிறது என்று சூசையப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவன் தாடையைப் பிடித்தாள்.

"ஊதுலே."

ஊதினான். பெரிய பெருநாள் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"ஒண்ணுமில்லயேலே" என்றாள் கத்தரீனாள். "ஏலக்கா போட்ட புதினாத் தொவையல் மாதிரில்ல இருக்கு. இதுக்கா என் மாட்டப் பழி சொன்ன?" தாடையை விடாமலே அவனை ஒரு உலுக்கு உலுக்கினாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு கமிட்டி ஆட்கள் பக்கம் திரும்பி, "கேட்டீகளா? அடுப்புல என் பால ஊத்துங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

அதற்குள் ஜோமோளும் முன்னால் வந்துவிட்டாள். ஒரு கெமிஸ்ட்டாக அவளுக்குத் தாங்கவில்லை.

"சேட்டா, கன்ட்ரோல் தட்டு எடுத்தீங்களா? வேற ஒருத்தர் வாயி? யாரோட நாக்குல குச்சி விட்டாலும் அப்படித்தான் மொளைக்கும். உங்க வாயப் பாலோட கம்பேர் செஞ்சா எப்படி?" அவள் மூச்சு வாங்கினாள். "நாறுதுன்னு உங்ககிட்ட ஆரு பறஞ்சது?"

சூசையப்பன் அச்சனைக் கைகாட்டினான். மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"அச்சன்தான். நான் பாட வாயத் தொறந்தப்பவே தெரிஞ்சிருச்சாம். நல்ல வாசனைன்னு சொன்னாரு."

டிஜோ அச்சன் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டார். முன்வரிசையில் கோட்டயத்துக்காரர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே குறடும் இல்லை, ஊசியும் இல்லை, ஒரு வயலின்தான் இருந்தது. சூசையப்பனுக்கு அப்போதும் விளங்கவில்லை.

ஜோமோள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அய்யோ என்டெ சூசேட்டா! மலையாளத்து வாசனைக்கு மூக்கு வேணாம், காது போதும். ஆறாங்கிளாஸ்ல பாட்டு மாஷ் என்னை முத நாளே கிளாஸ விட்டு வெளிய அனுப்பிட்டாரு, 'இவளுக்குப் பாட்டுல வாசனையே இல்ல'ன்னு. அதுக்கு நான் என்ன, சென்ட்டா அடிச்சுக்கிட்டேன்?"